கருவி பல, காலம் ஒன்று

தமிழ் இலக்கணமும் இலக்கியமும் பயிலும் மாணாக்கராகிய யாம், கணிப்பொறியின் உட்கருவைப் பற்றி எழுதப் புகுந்தமை கண்டு நண்பர் சிலர் நகைத்தல் கூடும். அவரை யாம் நோவதற்கில்லை. சென்ற கோடை விடுமுறைக்கு முன்னர் எவரேனும் இப்பொருளை எம்மிடம் எடுத்திருப்பின், யாமும் நகைத்தே இருப்போம். ஆயின் அவ்விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாம் செய்த பிழையொன்று, ஈராண்டுக் கல்லூரிப் படிப்பு கற்பியாத ஒன்றை எமக்குக் கற்பித்தது. அப்பிழையை மறையாது கூறி, அதன் வழியே அறிந்த செய்தியையும் நம் கல்லூரி அன்பர்க்கு எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எமது ஊர் ஓசூர். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மேற்கெல்லையில், பெங்களூருக்கு ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அத்திப்பள்ளியிலிருந்து கருநாடகம். அசோக் லேலண்டின் பார வண்டிகளும், டி.வி.எஸ். நிறுவனத்தின் இருசக்கர வண்டிகளும் எம்மூரில் உருவாகின்றன. டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் கூடி 1984-ஆம் ஆண்டில் தோற்றுவித்த டைட்டன் நிறுவனத்தின் கைக்கடிகாரங்களும் எம்மூர்ப் படைப்பே. ஆதலின் எம்மூரை நேரம் செய்யும் ஊர் என்று கூறினும் பொருந்தும். அந்நேரத்தைக் கேட்கும் மொழிகளோ மூன்று. ஒரே பட்டறையில் ஒருவர் 'மணி என்ன?' என்பார், மற்றொருவர் 'கண்டெ எஷ்டு?' என்பார், மூன்றாமவர் 'கண்ட எந்த?' என்பார். தமிழரும் கன்னடரும் தெலுங்கரும் கேட்பது ஒரே சுவர்க்கடிகாரத்தை நோக்கித்தான். இவ்வழக்கத்தைப் படிப்போர் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம். பின்னர் இதனால் பயன் உண்டு.

எம் தந்தையார் ஓசூரில் ஒரு சிறு பட்டறையில் மேற்பார்வையாளர். வண்டிகளுக்குரிய உருப்படிகள் அங்கே கடைந்து முடிக்கப்படும். முடிந்த உருப்படி ஒவ்வொன்றையும் ஒரு சோதனைக் கருவியிலிட்டு அளந்து, அளவையும் நாளையும் நேரத்தையும் பதிந்த பின்னரே வெளியே அனுப்புவர். பதிவில்லாத உருப்படியை வாங்குவோர் ஏற்பதில்லை. அக்கருவி பட்டறைக்கு வந்து பதினைந்து ஆண்டுகள் ஆயின. அதனைச் செய்த நிறுவனம் மூடப்பட்டுவிட்டது. எனினும் தந்தையார் அதனைத் தம் கையாலேயே துடைத்து, தூசு படியாமல் உறையிட்டு, வீட்டுப் பிள்ளையைப் போலப் பேணி வருகிறார்.

எம் தமக்கையார் நாள்தோறும் எல்லை கடந்து பெங்களூருக்குப் பணிக்குச் செல்பவர். கணிப்பொறி இயங்குதளத்தின் கெர்னலைச் சீர்செய்வது அவர் தொழில். கெர்னல் என்பதனை யாம் உட்கரு என்போம். வன்பொருளுக்கும் நாம் பயன்படுத்தும் நிரல்களுக்கும் இடையே நின்று, நினைவகத்தையும் கோப்புகளையும் நேரத்தையும் பங்கிட்டுக் கொடுப்பது இவ்வுட்கருவே. ஒரு நிரலுக்கு நேரம் வேண்டுமாயின் அது தானே கடிகாரத்தைப் பார்த்தல் இயலாது. உட்கருவை அழைத்துக் கேட்கவேண்டும்.

விடுமுறையில் ஒரு நாள் இரவு உண்ணும்போது தமக்கையார், "அப்பா, உங்கள் சோதனைக் கருவியில் இருப்பதும் பழைய லினக்ஸ் உட்கருவாகத்தான் இருக்கும். 2038-ஆம் ஆண்டை அது தாண்டுமா என்று பார்த்தீர்களா?" என்று வினவினார். தந்தையார் நகைத்து, "பதினைந்து ஆண்டு ஓடிய கருவி இன்னும் பதினைந்து ஆண்டு ஓடாதா, அம்மா?" என்றார். அப்பொழுது தமக்கையார் விளக்கிய செய்தி வருமாறு.

யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்கள் காலத்தை 1970-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தொடங்கி வினாடி வினாடியாக எண்ணுகின்றன. அவ்வெண்ணைப் பழைய கருவிகள் 32 பிட் அளவுள்ள சிறு கலத்தில் வைத்தன. அக்கலம் கொள்ளக்கூடிய பேரெண் 214,74,83,647. அவ்வளவு வினாடிகளும் நிறைவுறுவது 2038-ஆம் ஆண்டு ஜனவரி 19-ஆம் நாள், செவ்வாய்க்கிழமை, நம் நாட்டு நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 வினாடிக்கு. அடுத்த வினாடியில் கலம் வழிந்து, எண் எதிர்மறையாக மாறி, கருவி 1901-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திற்குப் பின்னடையும். 64 பிட் கலத்தில் வைத்தாலோ 29,200 கோடி ஆண்டுகளுக்குக் கவலையில்லை.

தந்தையார் நம்பினாரல்லர். முதலாளியாரின் இசைவு பெற்று, ஞாயிறு ஆராதனை முடிந்தபின் மூவரும் பட்டறைக்குச் சென்றோம். இயந்திரங்கள் ஓய்ந்திருந்தன. தமக்கையார் எம்மை நோக்கி, "தம்பி, பதிவேடு முழுவதையும் முதலில் பென்டிரைவில் நகலெடு. எடுத்த நகலைத் திறந்து பார். பார்த்த பிறகு எனக்குச் சொல்" என்றார். யாம் நகலெடுக்கத் தொடங்கினோம். பாதி ஆகுமுன் வாயிலில் இளநீர் வண்டிக்காரரின் குரல் கேட்டது. சென்று பருகி மீண்டபோது திரையில் அப்பணி காணப்படவில்லை. முடிந்ததென்று எண்ணி, நகலைத் திறந்து பாராமலேயே, "ஆயிற்று, அக்கா" என்று கூறினோம். உண்மையில் பென்டிரைவில் இடம் போதாமையால் நகல் இடையிலேயே நின்றுபோயிருந்தது.

தமக்கையார் கருவியின் நேரத்தை 2038 ஜனவரி 19, காலை 8 மணி 43 நிமிடம் என்று அமைத்தார். மூவரும் திரையையே நோக்கி நின்றோம். குறித்த வினாடி கடந்ததும் திரையில் 1901 என்று தோன்றிற்று. "என் தாத்தாவே அப்போது பிறக்கவில்லை!" என்று தந்தையார் முதலில் நகைத்தார். பின்னர் ஓர் உருப்படியை எடுத்து வைத்துப் பார்த்தார். கருவி அதனை அளக்க மறுத்தது. தந்தையாரின் நகை அடங்கியது.

இன்னல் அதனோடு நிற்கவில்லை. நேரத்தை மீண்டும் அன்றைய நாளுக்குத் திருப்பிக் கருவியை இயக்கியபோது, தன்னிடமுள்ள கோப்புகள் இனிவரும் காலத்தில் எழுதப்பட்டவை என்று கண்டு அது இடையிலேயே நின்றுவிட்டது. தமக்கையார் மூன்று மணி நேரம் முயன்று அதனை எழுப்பினார். எழுந்த கருவியில் கடைசி ஒன்பது நாட்பதிவுகள் சிதைந்திருந்தன. "கவலையில்லை, தம்பி நகல் வைத்திருக்கிறான்" என்று கூறித் தமக்கையார் பென்டிரைவைத் திறந்தார். வேண்டிய நாட்கள் அதில் இல்லை.

செவ்வாயன்று அனுப்பவேண்டிய 340 உருப்படிகள் பதிவின்றி நின்றன. ஒன்றை அளக்க ஒன்றரை நிமிடம் செல்லும். இரவு எட்டு மணிக்குத் தொடங்கினோம். தந்தையார் அளக்க, யாம் எடுத்துக் கொடுக்க, தமக்கையார் பதிவைச் சரிபார்க்க, விடியற்காலை ஐந்து மணி அளவில் பணி முடிந்தது. எம்மை ஒருவரும் கடிந்துகொள்ளவில்லை. நள்ளிரவில் ஒருமுறை மட்டும் தந்தையார், "ஆயிற்று என்று சொன்னாயே, தம்பி" என்றார். அச்சொல் இன்றும் எம் செவியில் ஒலிக்கின்றது.

அவ்விரவிலும் பின்வந்த நாட்களிலும் தமக்கையாரிடம் கேட்டு அறிந்தவற்றை இனிச் சொல்வோம்.

லினக்ஸ் உட்கருவை 1991-ஆம் ஆண்டில், ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தம்மிடமிருந்த 386 வகைச் செயலிக்கென எழுதினார். அன்று அதற்கு ஒரே வகை வன்பொருள்தான். இன்றோ இண்டெல், ஆர்ம், பவர், மிப்ஸ், எஸ்390, ரிஸ்க்-வி என இருபதை ஒட்டிய கட்டமைப்புகளில் அஃது இயங்குகின்றது. சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான 'சக்தி' செயலிகளும் ரிஸ்க்-வி கட்டமைப்பைச் சேர்ந்தவையே. உட்கருவின் பெரும்பகுதி எல்லாவற்றிற்கும் பொது. ஒவ்வொரு கட்டமைப்புக்கும் உரிய பகுதி தனி. தனிப்பகுதி ஒவ்வொன்றுக்கும் பராமரிப்பாளர் உண்டு. பொதுப்பகுதியில் ஒரு திருத்தம் செய்யின் அஃது எல்லாக் கட்டமைப்புகளிலும் பொருந்தவேண்டும்; ஒன்றைக் காக்க முனைந்து மற்றொன்றைக் கெடுத்தல் ஆகாது.

2038-ஆம் ஆண்டுச் சிக்கலைத் தீர்ப்பது ஏன் அரிதாயிற்று என்பதற்கு எம்மூரின் மூன்று மொழி வழக்கமே விளக்கம். நேரத்தைக் கேட்கும் அழைப்புக்கு உட்கருவில் ஓர் எண் உண்டு. 32 பிட் இண்டெல் வகையில் அவ்வெண் 265. ஆர்ம் வகையில் 263. பவர் வகையில் 246. கேட்கும் பொருள் ஒன்றே. கேட்கும் சொல் வேறு வேறு. பழைய அழைப்பை அழித்துப் புதிதாக மாற்றிவிடலாமோ எனின், ஆகாது. உட்கரு மாறினும் அதன்மேல் இயங்கும் பழைய நிரல் பழுதடையக்கூடாது என்பது லினக்ஸ் கூட்டத்தாரின் உறுதியான கொள்கை. ஆகவே பழையவற்றை அப்படியே விட்டு, அவற்றின் பக்கத்தில் 64 பிட் நேரம் தரும் புதிய அழைப்புகளைச் சேர்க்க முடிவு செய்தனர்.

சேர்க்கும்போது ஒரு நல்ல ஏற்பாடும் செய்தனர். 2019-ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்த 5.1-ஆம் பதிப்பில், நேரம் கேட்கும் புதிய அழைப்புக்கு எல்லா 32 பிட் கட்டமைப்புகளிலும் 403 என்னும் ஒரே எண் கொடுக்கப்பட்டது. மிப்ஸ் மட்டும் தன் குலவழக்கப்படி நாலாயிரத்தைக் கூட்டி 4403 என்று கொண்டது. மூன்று மொழியாரும் கூடி, 'இனிமேல் நேரத்தை இவ்வொரு சொல்லால் கேட்போம்' என்று உடன்பட்டதற்கு இஃது ஒப்பாகும். இம்முயற்சியை முன்னின்று நடத்தியவர் ஆர்ன்ட் பெர்க்மான். கோப்புகளின் நேர முத்திரையைப் பெரிய கலத்துக்கு மாற்றும் பணியில் தீபா தினமணி என்னும் பெண்மணியின் பங்கு பெரிது. அம்மாற்றம் 2018-இல் 4.18-ஆம் பதிப்பில் இடம்பெற்றது. இப்பெயரைச் சொல்லும்போது தமக்கையாரின் முகத்தில் ஒரு பெருமிதம் தோன்றியதை யாம் கண்டோம்.

எண் ஒன்றானாலும் பொருத்தம் எளிதன்று. சில வன்பொருள் ஓர் எண்ணின் பெரும்பகுதியை முன்னும் சிறுபகுதியைப் பின்னும் வைக்கும். சில அதற்கு நேர்மாறு. ஆதலின் சிறு கலத்தைப் பெரிதாக்கும்போது வெற்றிடம் ஒன்றில் இடப்பக்கமும் மற்றொன்றில் வலப்பக்கமும் விழும். மேலும் 64 பிட் எண்ணை ஆர்ம் எட்டின் மடங்கான இடத்தில் தொடங்கும்; 32 பிட் இண்டெல் நான்கின் மடங்கான இடத்திலும் தொடங்கும். ஒரே கட்டளை ஓரிடத்தில் சரியாகவும் ஓரிடத்தில் பிழையாகவும் முடிவதற்கு இவையே காரணம். அன்றியும் 64 பிட் உட்கருவின் மேல் 32 பிட் நிரல் இயங்குவதும் உண்டு. அவ்விணைப்பிற்கும் தனித் திருத்தம் வேண்டியதாயிற்று. உட்கருவிற்குள் இப்பணி பெரும்பாலும் நிறைவுற்றது 2020-இல் வந்த 5.6-ஆம் பதிப்பில்.

இங்கே எம் பிழைக்கும் இச்செய்திக்கும் உள்ள உறவைக் கூறவேண்டும். "இருபது வகைக் கட்டமைப்பும் ஒருவர் வீட்டில் இருக்குமா, அக்கா?" என்று யாம் கேட்டோம். "இராது, தம்பி. எழுதுபவரிடம் இரண்டோ மூன்றோ இருக்கும். மற்றவற்றிற்கு அவ்வவற்றை வைத்திருப்பவர் சோதித்துச் சொல்வதை நம்பித்தான் திருத்தம் ஏறும்" என்றார். திருத்தம் ஒவ்வொன்றின் அடியிலும் எழுதியவர், படித்துப் பார்த்தவர், சோதித்தவர் ஆகியோரின் பெயர்கள் தனித்தனியே குறிக்கப்படுகின்றன. எழுதியவர் பொறுப்பேற்றுக் கையொப்பமிடும் முறை 2004-ஆம் ஆண்டில் வந்தது. பல கிளைகளின் திருத்தங்களை முன்கூட்டியே ஒன்று சேர்த்து, மோதல் உண்டோ என்று பார்க்கும் 'லினக்ஸ்-நெக்ஸ்ட்' என்னும் தொகுப்பு 2008 முதல் நடைபெறுகின்றது. இவ்வளவு ஏற்பாடும் நிற்கும் அடித்தளம் ஒன்றே: சோதித்தேன் என்று சொன்னவர் மெய்யாகவே சோதித்திருத்தல். முகம் அறியாதார் ஒருவர், கடல் கடந்து, அச்சொல்லின்மேல் தம் பணியை எழுப்புகின்றார். யாம் ஒரே அறையில், உடன்பிறந்தாரிடம், அச்சொல்லைக் காப்பாற்றவில்லை.

சொல்ல வேண்டியதைச் சொல்லாமையும் ஒரு பிழையே என்பதற்கும் இத்துறையில் சான்றுண்டு. மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்னும் செயலிக் குறைகள் 2017-ஆம் ஆண்டு ஜூன் மாதமே செயலி செய்வோர்க்கு அறிவிக்கப்பட்டன. வெளியுலகம் அறிந்தது 2018 ஜனவரி 3-ஆம் நாள். இடைக்காலத்தில் செய்தி மறைவாகக் காக்கப்பட்டமையால், ஒரே நோய்க்கு மருந்து தேடிய குழுக்கள் பல ஒன்றோடொன்று பேச இயலாமல் தனித்தனியே உழைத்தன என்று, உட்கருவின் நிலைப்பதிப்புகளைப் பேணும் கிரெக் குரோவா-ஹார்ட்மன் அவ்வாண்டிலேயே வெளிப்படையாகக் குறை கூறினார். அதன் பின்னர், இத்தகைய மறைபொருட் குறைகளைக் கட்டமைப்பு வேறுபாடின்றி எவ்வாறு கூடித் தீர்ப்பது என்னும் நெறிமுறை 2019-இல் உட்கருவின் ஆவணங்களிலேயே எழுதி வைக்கப்பட்டது.

இவற்றையெல்லாம் கேட்டபோது எமக்கு ஏட்டுச்சுவடிகளே நினைவுக்கு வந்தன. சீவக சிந்தாமணியை 1887-ஆம் ஆண்டில் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் பல ஊர்ச் சுவடிகளை ஒப்புநோக்கியே பாடம் கண்டார் என்பதை வகுப்பில் படித்திருக்கிறோம். ஒப்புநோக்கும் பணியில் ஒருவர் படிக்க மற்றவர் பார்ப்பர். பார்ப்பவர் கண்ணயர்ந்து 'சரி' என்று கூறிவிடின், பிழை அச்சேறித் தலைமுறை தலைமுறையாக நிற்கும். படிப்பவர் அதனை அறியார். பாடவேறுபாடு பற்றி வினாவுக்கு விடை எழுதி மதிப்பெண் பெற்ற யாம், 'சரி' என்னும் சொல்லின் எடையை ஒரு பட்டறையில்தான் உணர்ந்தோம்.

திருத்தம் பிறந்ததனால் மட்டும் அஃது எல்லாரையும் சென்றடைவதில்லை. உட்கரு திருந்திய பின்னும் நிரல்நூலகங்கள் திருந்தவேண்டும். கிளிப்சி என்னும் நூலகம் 32 பிட் கருவிகளுக்கு அவ்வசதியை 2021-இல்தான் தந்தது. அதன் பின் நிரல்கள் யாவும் மீண்டும் தொகுக்கப்படவேண்டும். டெபியன் தொகுப்பினர் 2024-இல் தம் 32 பிட் ஆர்ம் பதிப்பை இவ்வாறு மாற்றினர். பழைய நிரல்களை இயக்குவதற்கென்றே நிலைத்திருக்கும் 32 பிட் இண்டெல் பதிப்பை மாற்றாது விட்டனர். ரிஸ்க்-வி போலப் பிந்திப் பிறந்த கட்டமைப்புக்கோ இத்தொல்லை இல்லை. அதன் 32 பிட் வகை தொடக்கம் முதல் புதிய அழைப்புகளையே கொண்டது. எம் தந்தையாரின் கருவி இவ்விரண்டிலும் சேராதது. அதன் உட்கரு 5.1-க்கு நெடுங்காலம் முற்பட்டது. அதன் வன்பொருளுக்கென எழுதப்பட்ட பகுதியின் மூலநிரல் மூடப்பட்ட நிறுவனத்தோடு மறைந்தது. உலகமெல்லாம் கூடிச் செய்த திருத்தம் ஓசூர்ப் பட்டறையின் வாயில்வரை வந்தும், உள்ளே கொண்டு செல்வார் இல்லாமல் நிற்கின்றது.

இதனைத் தமக்கையார் தயங்கித் தயங்கிக் கூறியபோது தந்தையார் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர் ஒரு தாளில் 'இக்கருவியை 2038-க்கு முன் மாற்றுக' என்று தம் கையால் எழுதி, நாளும் இட்டு, கருவியின் பக்கத்தில் ஒட்டினார். கன்னடமும் தெலுங்கும் அறிந்த உடன்பணியாளர் இருவரை அழைத்து, அவ்வம்மொழியிலும் கீழே எழுதச் செய்தார். எம்மை அழைத்து, "மூன்றும் சரியாக ஒட்டியிருக்கிறதா, பார்த்துச் சொல்" என்றார். யாம் அருகே சென்று, நான்கு மூலைகளையும் விரலால் அழுத்திப் பார்த்து, பின்னரே "சரியாக இருக்கிறது, அப்பா" என்றோம்.

அக்குறித்த செவ்வாய்க்கிழமை வரும்போது யாம் முப்பதைக் கடந்திருப்போம். அன்று காலை எட்டே முக்கால் மணிக்கு எங்கிருப்போமோ அறியோம். எங்கிருப்பினும், ஒருவர் எம்மை நம்பிக் கேட்பதற்கு 'ஆயிற்று' என்று விடை கூறுமுன், ஒருமுறை திறந்து பார்த்திருப்போம் என்னும் நம்பிக்கை உண்டு. இவ்விதழைப் படிக்கும் நண்பரும் அவ்வாறே செய்வாராக.